பார் வேலைக்குப் போக எந்தப் பக்கம் பஸ் ஏறுவது?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸுக்கு நின்றால் ஒரு பக்கம் சித்தூர், பாலக்காடு. இன்னொரு பக்கம் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூர். படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி என்று எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் எந்தப் பக்கம் ஏறுவது என்ற கணக்கு ஒன்று உண்டு. என் அக்கா மகனுக்கு இப்போது வேலைக்காக அதே கேள்வி வந்திருக்கிறது. வயது 22. பி.காம். படித்து முடித்து, இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறான். "மாமா, நான் பார்டெண்டர் ஆகணும். அனுபவம் ஒண்ணும் இல்லை. கோர்ஸ் சேரட்டுமா, நேரா வேலைக்குப் போகட்டுமா?" என்றான். அதைக் கேட்டதிலிருந்து ஒரு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பார் வேலைக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் பழி என் தலையில் விழுந்தது.

திருச்சூரில் கிளாஸ் கழுவித் தொடங்கியவன் நான். இப்போது கோவையில் ஒரு ஹோட்டல் பாரைப் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு நான்கைந்து ராத்திரியாகப் போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கம்பத்தில் இருந்துகொண்டு குமுளியைப் பார்ப்பவருக்கும், செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் பார்ப்பவருக்கும், களியக்காவிளையில் நிற்பவருக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

எந்த வழி என்பதற்கு முன்னால், எந்த பார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இங்கே இரண்டு தொழில் நடக்கிறது.

ஒன்று பெக் பார். கேரளத்தில் மூன்று நட்சத்திர ஹோட்டல் பார்களில் பெரும்பாலானவை இந்த வகை. கீழே 'லோக்கல்' கவுண்டர், மேலே ஏ.சி. ஹால். லோக்கலுக்கு வருகிறவர் உட்காரக்கூட மாட்டார். "ஒரு லார்ஜ் ஜவான்" என்பார், ஜவான் என்பது அங்கே ஓடும் ரம். 60 மில்லி ஊற்றி, தண்ணீர் சேர்த்துத் தள்ளினால் ஒரே மூச்சில் போகும். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டு நகர்வார். பின்னால் அடுத்த ஆள் நிற்பார். சம்பள நாள் சாயங்காலத்தில் ஒரே சமயம் இருபது கை கவுண்டரை நோக்கி நீளும். அங்கே பானத்தைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கர் இருக்காது, அலங்காரக் குடையும் இருக்காது. கை வேகம், யார் என்ன கேட்டார் என்ற ஞாபகம், சில்லறைக் கணக்கு, கோபம் வராத மனசு, இவைதான் வேலை.

இரண்டாவது காக்டெய்ல் பார். கொச்சி, பெங்களூர், சென்னைப் பக்கம் பெருகியிருக்கிறது, கோவையில் நட்சத்திர ஹோட்டல்களில் ஓரளவு உண்டு. ஒரு மணி நேரத்தில் ஊற்றும் கிளாஸ் குறைவு, ஒவ்வொரு கிளாஸிலும் வேலை அதிகம். புளிப்பும் இனிப்பும் சாராயமும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிறுத்தத் தெரிய வேண்டும், வந்தவரோடு இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் பேசவும் வர வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கத்துப் பையன்கள் இங்கே ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "டாஸ்மாக் பாரில் ஒரு வருஷம் இருந்தேன், அது அனுபவம்தானே?" என்று என்னிடம் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் உண்டு. டாஸ்மாக் 1983-ல் தொடங்கிய அரசு நிறுவனம், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். கடையில் விற்பது சீல் உடைக்காத பாட்டில். பக்கத்து பாரை ஏலம் எடுத்தவர் விற்பது சைட் டிஷ்ஷும் தண்ணீரும் டம்ளரும். குவார்ட்டரைத் திறந்து ஊற்றுகிறவர் குடிக்கிறவரேதான். ஆக அங்கே இருக்கும் பையன் சப்ளையர், பார்டெண்டர் இல்லை. கூட்டத்தைச் சமாளிக்கும் பழக்கம் மட்டும் கிடைக்கும், அதையும் சும்மா சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றும் வேலை எஃப்.எல்.2 உரிமம் உள்ள கிளப்களிலும் எஃப்.எல்.3 உரிமம் உள்ள ஹோட்டல்களிலும்தான் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

பாலக்காடு பஸ்: நேராக பாரில் சேர்வது

நான் போனது கடைசியில் இந்த வழி. முதல் மாதமே சம்பளம் வரும், பல இடங்களில் சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள். படிப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும். எங்கள் ஊர்ப் பையனுக்கு இன்னொரு அனுகூலம், இரண்டு மொழியும் வாயில் இருக்கும். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் திருச்சூரில் என்னோடு சேர்ந்தான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். "கொறச்சு வெள்ளம்" என்று ஒருவர் கேட்டதும் இவன் எங்கே வெள்ளம் என்று தரையைப் பார்த்தான். தண்ணீர் ஊற்றும்போது "மதி, மதி" என்றால் போதும் என்று அர்த்தம். அது தெரியாமல் டம்ளர் நிறைய ஊற்றி, அவர் போட்ட சத்தத்தில் அன்றைக்கு முழுக்கக் கவுண்டர் பக்கமே வரவில்லை. சைட் டிஷ் என்றால் அங்கே யாருக்கும் உறைக்காது, 'டச்சிங்ஸ்' என்று சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறைப் பையனுக்கு இதெல்லாம் தனியாகப் படிக்கும் பாடம் இல்லை.

ஆனால் சேர்ந்ததும் பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கிளாஸ் கழுவல், ஐஸ் சுமத்தல், சோடா கேஸ் அடுக்கல், எலுமிச்சை அறுத்தல். எனக்கு ஏழு மாதம் இதுவேதான். அந்த ஏழு மாதத்தில் நான் கற்றது எந்த வகுப்பிலும் கிடைக்காதது, அது ஸ்டாக் கணக்கு.

ஒரு ஃபுல் பாட்டில் 750 மில்லி. அதில் 12 லார்ஜ் போக ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, மிஞ்சும். புதுப் பையன் கை தாராளமாகி ஒவ்வொரு லார்ஜிலும் 5 மில்லி கூட ஊற்றினால், 12 லார்ஜில் 60 மில்லி போயிற்று. பாட்டிலுக்கு ஒரு லார்ஜ் நஷ்டம். நாளைக்கு இருபது பாட்டில் ஓடும் கவுண்டரில் அது இருபது லார்ஜ். மாதக் கடைசியில் முதலாளி இதை யார் சம்பளத்தில் பிடிப்பார்? கை குறைந்தால் அது வேறு பாவம், குடிக்க வந்தவனின் காசைத் திருடுவது. காலையில் இருந்த சரக்கு, உள்ளே வந்தது, பில் போட்டது, ராத்திரி மிச்சம், இந்த நாலும் பொருந்த வேண்டும். உடைந்த பாட்டிலின் கழுத்தைக்கூட எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். பி.காம். படித்தவனுக்கு இது கைவந்த கலையாக இருக்கும் என்று மருமகனிடம் சொன்னேன். "அந்த ரெண்டு பேப்பர்ல ஒண்ணு காஸ்ட் அக்கவுண்டிங் மாமா" என்றான்.

கேரளத்தில் மாதம் 1-ஆம் தேதி மதுவிலக்கு நாள். அன்றைக்கு லீவு என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து பாட்டிலை எல்லாம் இறக்கித் துடைத்து எண்ணி ஏற்றும் நாள் அது.

இந்த வழியில் இரண்டு பள்ளம் இருக்கிறது. முதல் பள்ளம், அங்கேயே தங்கிவிடுவது. பத்து வருஷம் லார்ஜ் ஊற்றியவருக்கு ஒரு மார்ட்டினி கலக்கத் தெரியாது, கற்றுக்கொடுக்க அங்கே ஆளும் இல்லை. கை நிறைய டிப்ஸ் வருவதால் வெளியே போகவும் தோன்றாது. இரண்டாவது பள்ளம் அரசாங்கக் கொள்கை. 2014-ல் கேரளத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களுக்கு மட்டும்தான் பார் என்று கொள்கை மாறியது. மற்றவை மூடின, பல இடங்கள் பீர்-ஒயின் பார்லர் ஆயின. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தக் கொள்கை செல்லும் என்று சொன்னது. 2017-ல் மறுபடி மூன்று நட்சத்திரத்திலிருந்து திறந்துகொள்ளலாம் என்றானது. இடையில் மூன்று வருஷம். என்னோடு இருந்தவர்களில் ஒருவர் ஆட்டோ வாங்கினார், ஒருவர் துபாய் போனார், நான் வேலந்தாவளம் தாண்டினேன். தமிழ்நாட்டுப் பக்கமும் நிம்மதி இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எத்தனை பார் ஒரே மாதத்தில் இருண்டது என்று கோவைக்காரர்களைக் கேட்டால் தெரியும். இந்தத் தொழிலில் பாட்டிலுக்குப் பூட்டுப் போட்டால் வேறு ஊரில் காட்ட ஒரு கைத்திறன் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோர்ஸ் என்கிற சபலம்

இதைத்தான் மருமகன் மிகவும் ஆசைப்பட்டுக் கேட்டான். போனில் வீடியோ பார்த்திருக்கிறான். பாட்டில் முதுகுக்குப் பின்னால் சுழன்று முன்னால் வருகிறது, கவுண்டரில் நெருப்பு எரிகிறது, நான்கு வாரத்தில் சான்றிதழ், 'நூறு சதவீத வேலை'.

நானும் சேர்ந்தவன்தான். அப்பா ஒரு கறவை மாட்டை விற்றுக் கொடுத்த காசில் ஒரு பெரிய நகரத்தில் நான்கு வாரம் படித்தேன். பெயர் வேண்டாம், அந்த இடம் இப்போது இல்லை. முப்பது பேருக்கு ஆறு ஷேக்கர். பாதி நாள் பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பயிற்சி. ருசி பார்த்தது மொத்தமே மூன்று வகை, அதுவும் ஒரு ஸ்பூன். வேலை என்று அனுப்பியது ஒரு கல்யாண மண்டப பார்ட்டிக்கு, ஒரே நாள். ஃபிரேம் போட்ட சான்றிதழோடு திருச்சூரில் போய் நின்றபோது மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல அந்த ஐஸை உடை" என்றார். பாட்டில் சுழற்ற அங்கே இடமே கிடையாது, சீலிங் அவ்வளவு தாழ்வு.

அதற்காக எல்லாக் கோர்ஸும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நல்ல இடங்கள் இருக்கின்றன, அங்கே ஒரு மாதத்தில் கிடைப்பது பெக் பாரில் ஐந்து வருஷம் நின்றாலும் கிடைக்காது. சாராயம் மட்டும் சேரும் பானத்தைக் கரண்டியால் கலக்குவது, பழச்சாறோ பாலோ முட்டையோ சேர்ந்தால் குலுக்குவது, ஏன் அப்படி என்ற காரணம். ஐஸ் குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை, உருகும் தண்ணீரும் பானத்தின் ஒரு பங்கு என்பது. நெக்ரோனி என்றால் ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, டைகிரி என்றால் ரம், எலுமிச்சை, சர்க்கரை. இப்படி ஐந்தாறு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டால் அறுபது பானம் அதன் பிள்ளை குட்டிகள். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வேண்டும்தான்.

அதனால் கோர்ஸை நான் தள்ளவில்லை, முதலில் வைக்காதே என்றேன். கவுண்டரில் ஆறு மாதமாவது நின்றவன் போய் உட்கார்ந்தால் எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சேரும் முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ஷேக்கருக்கு எத்தனை பேர்? உண்மையான சரக்கில் பயிற்சியா, கலர்த் தண்ணீரிலா? சான்றிதழ் அவர்களே அச்சடித்ததா, சுற்றுலா விருந்தோம்பல் துறைத் திறன் கவுன்சில் அங்கீகாரம் உள்ளதா? வேலை என்று சொல்வது சம்பளத்தோடா, சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பா? போன வருஷம் முடித்தவர் ஒருவரின் நம்பர் கேட்டால் அங்கேயே தருகிறார்களா, "அப்புறம் அனுப்புறோம்" என்கிறார்களா? கடைசிக் கேள்வியிலேயே பாதி இடம் கழிந்துவிடும்.

கட்டணத்தை மட்டும் பார்த்துச் செலவு இவ்வளவு என்று முடிவு செய்யவும் கூடாது. பெங்களூரில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, அந்த ஒரு மாதம் வராமல் போகும் சம்பளம், இதையும் கூட்டினால் விளம்பரத்தில் போட்ட தொகை பாதிதான் என்று தெரியும். மாட்டை விற்றபோது பாலும் நின்றதை அப்பா கணக்கில் சேர்த்தார், நான் சேர்க்கவில்லை.

அரசு நிறுவனங்கள்

அக்காவுக்குப் பிடித்த வழி இது, 'ஹோட்டல் மேனேஜ்மென்ட்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லலாம் என்பதால். கோவளத்திலும் சென்னை தரமணியிலும் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து, அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருஷம் பி.எஸ்சி. பிளஸ் டூ முடித்த கையோடு கேட்பவனுக்கு, வீட்டில் மூன்று வருஷம் தாங்குவார்கள் என்றால், இதைவிட நல்ல வழி நான் சொல்ல மாட்டேன். சமையல், ரூம், வரவேற்பு, சாப்பாட்டுப் பரிமாறல் எல்லாம் படித்து, அதில் பார் ஒரு பகுதியாக வரும். பாரில் மனசு மாறினாலும் பட்டம் கையில் இருக்கும். என் மருமகன் ஏற்கெனவே ஒரு டிகிரியை முழுசாக முடிக்கவில்லை, அவனுக்கு இன்னொரு மூன்று வருஷம் பொருந்தாது.

குறுகிய வழியும் அங்கே உண்டு. உணவு பரிமாறல் கைவினைச் சான்றிதழ் என்று ஆறு மாதப் படிப்பு. திருச்சூரிலும் களமசேரியிலும் இருக்கும் ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிடியூட்டில் இந்த மாதிரிப் படிப்புகளை விசாரிக்கலாம், எங்கள் ஊரிலிருந்து திருச்சூர் எட்டும் தூரம்தான். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' என்ற இலவசப் பயிற்சியும் இந்த வகை நிறுவனங்கள் வழியாக வந்தது, சில வாரங்களில் முடிவது. அடுத்த அணி எப்போது என்று நிறுவனத்தில் நேரில் கேட்பதே நல்லது. இங்கே காக்டெய்ல் அதிகம் வராது. தட்டு பிடிப்பது, மேஜை போடுவது, எந்த ஒயினுக்கு எந்த கிளாஸ், எப்படிக் குனிவது என்பதுதான் பாடம். ஆனால் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் ஹெச்.ஆர். மேஜையில் செல்லும் காகிதம் இது.

கோவை பஸ்: ஹோட்டலில் டிரெய்னி

நட்சத்திர ஹோட்டலில் ரெஸ்டாரன்ட் பக்கம் டிரெய்னி ஸ்டூவர்டாகச் சேர்ந்து, மெல்ல பாருக்கு நகர்வது. இதுதான் மெதுவான வழி. முதல் மாதங்களில் பாலக்காட்டு பாரைவிடக் கையில் குறைவாகத்தான் நிற்கும். டிப்ஸும் பொதுப் பெட்டியில் போட்டுப் பங்கு பிரிப்பது. பாலக்காட்டில் அன்றன்றைக்குப் பையில் விழும் காசைப் பார்த்தவனுக்கு இது கசக்கும். ராத்திரி பார் மூடி, கணக்கு முடித்து வெளியே வந்தால் வேலந்தாவளத்துக்குப் பஸ் இருக்காது, அறை எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் அங்கே கற்பது ஒட்டும். ஆர்டர் சீட்டைச் சாப்பாட்டுக்கு கே.ஓ.டி., பாருக்கு பி.ஓ.டி. என்று தனித்தனியாகப் போடுவதிலிருந்து, நகம் வெட்டாமல் வந்தால் திருப்பி அனுப்புவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கும். கூட்டம் குறைந்த திங்கள், செவ்வாய் ராத்திரிகளில் பார்டெண்டர் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்கலாம். நான் என் பாரில் எடுத்த கடைசி மூன்று பேரும் அப்படிக் கேட்டு வந்தவர்கள்தான். கேட்காமல் இருந்தவர்கள் இன்னும் தட்டோடு நிற்கிறார்கள், அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று இல்லை.

வயது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மது குடிக்கக் குறைந்தபட்ச வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. முகத்தைப் பார்த்து ஐ.டி. கேட்க வேண்டிய ஆள் பார்டெண்டர். பதினெட்டு வயதுப் பையனைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தத் தயாராக இருக்கும் முதலாளி வேறு எதையும் செய்வார், அந்த இடத்துக்குப் போக வேண்டாம். 21 ஆகும்வரை ரெஸ்டாரன்ட் பக்கமே இருக்கலாம், ஒன்றும் வீணாகாது.

என் சித்தி மகளும் இதே கேள்வியைக் கேட்டாள், இது பெண்களுக்கு ஆகுமா என்று. மது பரிமாறும் இடத்தில் பெண்களையும் 25 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றிருந்த பழைய பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் ஒரு பக்கம். ராத்திரி வண்டி ஏற்பாடு, தனி உடை மாற்றும் அறை, குடித்துவிட்டு எல்லை மீறுகிறவரை வெளியே அனுப்பும் மேனேஜர், இந்த மூன்றும் இருக்கிற பெரிய ஹோட்டலாகப் பார்த்துச் சேர் என்றேன். அவளுக்கு கோவை பஸ்தான், பாலக்காட்டு லோக்கல் கவுண்டரை நான் பரிந்துரைக்கவில்லை.

கப்பல், வளைகுடா

இது இப்போதைக்கு ஆசைக்கு மட்டும். சொகுசுக் கப்பலில் அனுபவம் இல்லாதவனைப் பெரும்பாலும் பாருக்கு எடுப்பதில்லை. அப்படி எடுப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கிற ஏஜென்ட் இருந்தால் அவனிடமிருந்து ஓட வேண்டும். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், வேலைக்கு எடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கடல் பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம், மருத்துவச் சோதனை இவற்றுக்கு ஆகும் செலவு வேறு. துபாய் ஹோட்டல்களில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், குவைத்தில் மதுவே கிடையாது. இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்த கடிதம் கையில் இருந்தால் இந்தக் கதவுகளைத் தட்டலாம்.

நான் சொன்ன குலுக்கி சர்பத்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு எங்க போறது?" என்றான் மருமகன். பாலக்காட்டில் ஒரு குலுக்கி சர்பத் கடைக்குப் போ என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

குலுக்கி சர்பத் போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? எலுமிச்சை, சர்க்கரைப்பாகு அல்லது நன்னாரி, ஊறிய சப்ஜா விதை, கீறிய பச்சை மிளகாய், ஐஸ். கண்ணாடி டம்ளரில் போட்டு, மேலே ஸ்டீல் டம்ளரைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துத் தலைக்கு மேலே குலுக்குவார். பார்களில் பாஸ்டன் ஷேக்கர் என்று சொல்வதும் ஒரு டம்ளரை இன்னொன்றின் மேல் கவிழ்ப்பதுதான். ஒழுகாமல் பூட்டுவது, எத்தனை குலுக்கலில் குளிர்ச்சி ஏறுகிறது என்பது, பத்துப் பேர் நிற்கும்போது பாகு அளவு தவறாமல் விழுவது, எல்லாம் அங்கே இருக்கிறது. புளிப்புக்கு இனிப்பு எவ்வளவு என்பதை நாக்கு படிக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் 'லெமன்' என்று எழுதியிருக்கும் பழம் நம் தோல் மெல்லிய எலுமிச்சை இல்லை, அந்த அளவை அப்படியே போட்டால் கணக்குத் தப்பும். அதைச் சர்பத் கடையில் கற்றவன் பாரில் தடுமாற மாட்டான். சம்பளம் கொடுத்துச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது?

நாக்கைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் சித்தூர் தாலுகாவின் கள்ளுக்கடைக்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள். அவர்களை யாரும் பார்டெண்டர் என்று சொல்வதில்லை. ஆனால் ஒரு வாய் வைத்துப் பார்த்துக் காலைக் கள்ளா அந்திக் கள்ளா, இறக்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாக்கு இருந்தால் விஸ்கி வகைகளைப் படிப்பது லேசு. ருசி பார்ப்பது என்றால் வாயில் வைத்துத் துப்புவது என்பதையும் அவனிடம் அழுத்திச் சொன்னேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று தானும் குடிக்கத் தொடங்கிய நல்ல கைகாரர்கள் இரண்டு பேரை இந்தத் தொழிலில் நான் இழந்திருக்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. காலி ஃபுல் பாட்டில் ஒன்று, அதில் மாட்டும் ஊற்று மூடி ஒன்று, ஒரு பெக் மெஷர். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி ஊற்ற வேண்டும். ஓர் எண்ணுக்கு 15 மில்லி, நான்குக்கு 60. ஊற்றியதை மெஷரில் அளந்து பார்த்தால் முதல் வாரம் 45-ம் 80-ம் வரும். தினம் அரை மணி நேரம் செய்தால் ஒரு மாதத்தில் கை நிலைக்கும். அக்கா வீட்டுத் திண்ணையில் காலி பிராந்தி பாட்டில் இருப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது தனிப் பிரச்சினை. லேபிளைக் கிழித்துவிடு என்றேன்.

ஆக அவனுக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இதுதான். வெயில் காலம் மூன்று மாதம் சர்பத் கடை. அதற்குள் பாக்கி பேப்பர் இரண்டும். அப்புறம் ஓர் ஆறு மாதம் பாலக்காட்டிலோ திருச்சூரிலோ மூன்று நட்சத்திர பார், வேகத்துக்கும் ஸ்டாக் கணக்குக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது, நின்றால் வர மாட்டான். சேர்த்த சம்பளத்தில், தன் காசில், ஒரு நல்ல கோர்ஸ். அதற்குப் பிறகு கோவை. கையில் காசும் வயதில் அவகாசமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த வரிசை வேண்டாம், கோவளத்துக்கோ தரமணிக்கோ பரீட்சை எழுதட்டும். உடனே சம்பளம் வேண்டிய வீட்டுக்குச் சர்பத் கடையும் தேவையில்லை, நேராகப் பாலக்காடு பஸ் ஏறலாம்.

அவன் சர்பத் கடையில் சேர்ந்து இப்போது ஐந்து வாரம். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்பவர்களிடம் அக்கா, "பாலக்காட்டுல ஜூஸ் கடையில பார்ட்னர்" என்கிறாள். இரண்டு வாரம் கழித்து ஒரு பாரில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். நேற்று ராத்திரி போன் பண்ணிக் கேட்டான், "மாமா, ஷூ கருப்புலதான் வேணுமா?" கருப்புதான், ஆனால் அடிப்பாகம் ரப்பராக இருக்கட்டும் என்றேன். ஐஸ் சிந்திய தரையில் மற்றது நிற்காது.